ஒரே குப்பி, இரண்டு கை

என் இரண்டு கைகளையும் ஒரு காலத்தில் இன்னொருத்திக்காக இரவல் கொடுத்திருந்தேன். வேலை செய்வதற்கு அல்ல, வாசனை பார்ப்பதற்கு. இதைச் சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கைகளால் என் மேல் திருட்டுப் பட்டம் விழ இருந்தது, அதே கைகளால்தான் அதைத் தட்டிவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஆபீசுக் கணக்கெழுதும் பெரிய கிராணியின் வீட்டில் வேலைக்கு இருந்தேன். வயது இருபதைத் தாண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் அதே தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவினார். நானும் அதற்கு முன் இரண்டு வருஷம் மரம் சீவியவள்தான். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஆள்களின் பெயர் எழுதிய செக்ரோல் அவர் கையில் இருந்தது. அதில் பெயர் இருக்கும்வரை ஆள்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறை உண்டு. பெயரை வெட்டிவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

கிராணியின் மனைவியை அம்மா என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். தினமும் காலையில் நான் கிணற்றடியில் குளித்து, அவர் தனியாக எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டுதான் சமையல்கட்டுக்குள் நுழைய வேண்டும். லயத்து ஆள்கள் நாறுவார்கள் என்பது அவர் கணக்கு. அந்த நாற்றம் காய்ந்த ரப்பர்ப் பாலுடையது. என் தோலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராமல் இல்லை. கேட்கத்தான் ஆள் இல்லை.

அம்மாவின் தம்பிக்குத் தைப்பிங்கில் கல்யாணம் நிச்சயமானது. அங்கே வரப்போகிறவர்கள் எல்லாம் அரசாங்க உத்தியோகஸ்தர்களின் மனைவிமார். அவர்கள் யாரிடமும் இல்லாத ஓர் அத்தர் தனக்கு வேண்டும் என்று அம்மா முடிவு செய்தார். ஈப்போவில் ஓர் அத்தர்க் கடை இருந்தது. ஆனால் கடையில் போய் உட்கார்ந்து, ஓர் ஆணின் முன்னால் கையை நீட்டுவது அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு ஆகாது. அதனால் என்னை அனுப்பினார். நான் போய் ஆறு அத்தர்களை என் கைகளில் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவர் முகர்ந்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். தன் கையை நீட்டத்தான் கூச்சம், என் கையை நீட்ட அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

கடைக்காரர் தாடி நரைத்த பாய். நான் விஷயத்தைச் சொன்னதும் குப்பியைத் திறக்காமல் என்னையே பார்த்தார்.

"பூசப் போறது நீயா தங்கச்சி?"

"இல்ல பாய். எங்க கிராணி வீட்டம்மா."

"அப்ப அவங்களத்தான் வரச் சொல்லணும். அத்தர் குப்பியில ஒரு மாதிரி இருக்கும், தோல்ல ஏறுனா வேற மாதிரி ஆயிடும். உன் கையில பூக்குறது அவங்க கையில புளிக்கும். நான் பொய் சொல்லி விக்கிறவன் இல்ல."

"அவங்க வர மாட்டாங்க பாய். போடுங்க."

கண்ணாடிக் குச்சியைத் தொட்டுத் தொட்டு இடது கையில் மூன்று, வலது கையில் மூன்று என்று வைத்தார். மணிக்கட்டில் ரோஜா, அதற்கு மேல் தாழம்பூ, முழங்கை மடிப்பில் வெட்டிவேர். மறு கையில் மரிக்கொழுந்து, சந்தனம், செண்பகம். ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, சேலையில் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். ஈப்போவிலிருந்து செமோர் வரைக்கும் ரயிலில் மருதாணி வைத்துக்கொண்டவள் மாதிரி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்த சீனக் கிழவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று நான் நாறவில்லை, பெட்டியே என்னால் மணத்தது.

வீடு வந்து சேர்ந்ததும் அம்மா நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டார்.

"கிட்ட வராதை. அங்கை நிண்டு கையை நீட்டு."

நீட்டினேன். பொழுது சாயும்வரை நாலு தடவை கூப்பிட்டு நாலு தடவை முகர்ந்தார். அதற்குள் நானும் என் கைகளைப் பற்றித் தெரியாத பலவற்றைத் தெரிந்துகொண்டேன். கடையில் அத்தனை அழகாக இருந்த ரோஜா என் மணிக்கட்டில் அழுகிய காய்போல் நாறியது. மரிக்கொழுந்து மட்டமான மருந்துபோல் ஆனது. சந்தனம் வந்த இடம் தெரியவில்லை. செண்பகம் மட்டும் முதலில் பச்சை இலையைக் கசக்கியதுபோல் காரமாக இருந்து, பிறகு தணிந்து, மூன்றாவது மணி நேரத்தில் விரிந்தது. நானே என் கையை மூக்கை விட்டு எடுக்கவில்லை. வெட்கப்படாமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு என் மேலேயே ஆசை வந்தது.

"இதுதான்," என்றார் அம்மா. "இந்தச் செண்பகம்தான் எனக்கு வேணும்."

பாய் சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அவன் விசர்க்கதை கதைக்கிறான். உன்ரை தோலிலையே இப்பிடி மணக்குதெண்டால், என்ரை தோலிலை எப்பிடி இருக்கும்?"

அந்த "உன்ரை தோலிலையே" என்பதை நான் விழுங்கிக்கொண்டேன். ஆனால் செரிக்கவில்லை.

அடுத்த வாரம் மறுபடி ஈப்போ போய்க் குப்பியை வாங்கி, துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு நாள் காலையில் குளித்துவிட்டு வலது கையில் பூசிப் பார்த்தார். மத்தியானம் கிராணி சாப்பிட உட்கார்ந்தார். அம்மா குனிந்து சோறு போட்டார். கிராணி முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன, மோர் புளிச்சுப்போச்சோ?"

மோர் புளிக்கவில்லை. அம்மாவின் கைதான் புளித்திருந்தது. அவர் முகம் கறுத்துப்போனதை அடுப்படியிலிருந்து பார்த்தேன். பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீ குப்பியை மாத்திப்போட்டாய். நல்லதை நீ எடுத்துக்கொண்டு, எதையோ ஊத்திக் கொண்டந்து தந்தனீ."

"நான் ஒன்னும் மாத்தலம்மா. பாய் குடுத்தது அப்படியே இருக்கு."

"பொய் சொல்லாதை. உன்ரை கையிலை மணந்தது இதுவோ? கள்ளி."

கள்ளி. அந்தச் சொல் ஒருமுறை வெளியே போய்விட்டால் சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கச் சுற்றி வந்துவிடும். செக்ரோலில் என் பெயரோடு என் வீட்டுக்காரர் பெயரையும் வெட்டுவார்கள். திருடி என்று பேர் எடுத்த பெண்ணின் குடும்பத்தைப் பக்கத்துத் தோட்டமும் சேர்க்காது. எனக்குப் பயம் வந்தது உண்மை. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். எச்சில் கையோடு எழுந்து வந்த கிராணியின் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, அந்தக் குப்பியிலேர்ந்து அம்மா கையில ஒரு சொட்டு, என் கையில ஒரு சொட்டு, உங்க முன்னாலயே போடுங்க. என் கையிலயும் புளிச்சா நான்தான் மாத்துனேன். எங்க பேரை வெட்டிப்புடுங்க."

"இவளோடை சேர்ந்து கையை நீட்டிக்கொண்டு இருக்கவோ நான்?" என்றார் அம்மா.

கிராணி கை கழுவினார், துடைத்தார். பிறகு மனைவியைப் பார்த்து, "பிள்ளை சொல்லுறது ஞாயம்தானே. போட்டுப் பாரும். நாலு மணிக்கு வாறன்," என்றார். அவரே குப்பியைத் திறந்து இரண்டு கைகளிலும் போட்டுவிட்டு ஆபீசுக்குப் போனார்.

பின்வாசல் படியில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். அம்மா சோப்புப் போட்டுக் கழுவிய இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். எதையும் தொடக்கூடாது. வெங்காயம் ஆகாது, சாம்பல் ஆகாது. சாப்பிட்ட பாத்திரங்களில் ஈ மொய்த்தது. அந்த வீட்டில் பகல் வேளையில் நான் சும்மா உட்கார்ந்தது அன்று ஒரு நாள்தான், அதுவும் எஜமானிக்குப் பக்கத்தில், ஒரே படியில். திருட்டுப் பழி தலைக்கு மேல் தொங்கியது. ஆனாலும் அந்த உட்காரல் சுகமாகவே இருந்தது.

முதலில் இரண்டு கைகளிலும் ஒரே காரம். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்றைக்குப் பார்த்து என் தோல் மாறிவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

"நீ உடம்புக்கு என்ன பூசிறனீ?" என்று திடீரென்று கேட்டார்.

"என்னத்தப் பூசுறது? சீயக்காய். அதுவும் இல்லாட்டி வெறும் தண்ணி."

பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னார். "இஞ்ச வந்து ஆறு வருசம். ஈப்போக் கடைத்தெரு எப்பிடி இருக்கும் எண்டே எனக்குத் தெரியாது."

எனக்கு இரக்கம் வந்தது. நான் பார்த்த கடையை, பாயின் குப்பிகளை, ரயிலில் சிரித்த கிழவியை அவர் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். இரக்கம் வந்ததற்காகத் திருடிப் பட்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள முடியுமா?

மூன்று மணி இருக்கும். என் கையில் செண்பகம் விரிந்தது. சொல்லிவைத்தாற்போல், முன்னைப்போலவே விரிந்தது. அம்மா தன் கையை மூக்கருகே கொண்டுபோனார். உடனே முந்தானைக்குள் அதை இழுத்துக்கொண்டார். உண்மை இன்னதென்று அந்தப் படியில் இருந்த இருவருக்கும் தெரிந்துவிட்டது.

இதில் என் தோல் உசத்தி, அவர் தோல் மட்டம் என்று எதுவும் இல்லை. என் மணிக்கட்டில் ரோஜா நாறியதை முன்பே சொல்லிவிட்டேன். அவர் கையில் ஒருவேளை ரோஜா நன்றாகவே மணந்திருக்கும். கடைக்குப் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

கிராணி வந்து, "என்ன முடிவு?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்டுதான்," என்றார் அம்மா. "கடைக்காரன் ஏமாத்திப்போட்டான். இவள் பாவம், இவளுக்கு என்ன தெரியும்."

தப்பித்துக்கொள்ள நல்ல வழி. தலையை ஆட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் "பாவம்" எனக்குப் பிடிக்கவில்லை. பொய் சொல்லி விற்காத ஒரு மனுஷனைப் பொய்யன் ஆக்கியதும் பிடிக்கவில்லை. என் கை நாறுகிறது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது எல்லாவற்றையும்விடப் பிடிக்கவில்லை.

"இல்லைங்கய்யா," என்றேன். "பாய் குடுத்தது நல்ல சரக்குத்தான். என் கையில நல்லாத்தான் மணக்குது. பாருங்க."

கையை நீட்டினேன். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே வாசனை அவருக்கு எட்டியது. முந்தானைக்குள் இருந்த மனைவியின் கையை ஒரு தடவை பார்த்தார்.

"குப்பி மாறேல்லை," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் வீட்டு வேலைக்கு வர வேண்டாம், மரத்துக்குப் போ என்று உத்தரவு வந்தது. கட்டிப் பழகிய சேலையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அம்மா குப்பியைக் கொண்டுவந்து படியில் வைத்தார். "இதையும் கொண்டு போ. எனக்கு வேண்டாம்." வேறு ஒருத்தியாக இருந்தால் ரோஷத்தோடு அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பாள். நான் எடுத்துக்கொண்டேன். என் கையில்தானே அது மணத்தது.

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இருந்திருக்கலாம்," என்றேன்.

மரத்துக்குப் போன முதல் நாள், கருக்கலில் எழுந்து கையில் செண்பகம் பூசிக்கொண்டேன். பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வாளியோடு போய் வரிசையில் நின்றேன். கங்காணி மூக்கை உறிஞ்சி, "யாருலா அது, கல்யாணத்துக்கா போறீங்க?" என்று கேட்டார். வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. லாந்தர் வெளிச்சத்தில் கிராணி செக்ரோலைப் பார்த்துப் படித்துக்கொண்டே வந்தவர், என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். மற்ற நாள்களில் எல்லோரும் பதிலை முணுமுணுப்பதுதான் வழக்கம். நான் வாளியைக் கீழே வைத்தேன். அத்தர் பூசிய கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"இருக்கேன்யா," என்றேன்.