வெங்காயத் தராசில் தம்பி

அங்கன்வாடியில் தராசுக் கொக்கி கிறீச்சிட்டது. எனக்குப் பாவூர்சத்திரம் சந்தை ஞாபகம் வந்துட்டு.

அப்போ எனக்கு எட்டு வயசு. ரெண்டு வயசுத் தம்பி மெலிஞ்சுகிட்டே போனான். எடை போட்டா கண் பட்டுரும்னு அத்தை தடுத்தா. அம்மா கேக்கலை. சந்தையில வெங்காயம் நிறுக்கிற தட்டுல அவனை உக்கார வச்சா.

"ஏட்டி, பிள்ளையை விக்கப் போறியா?"ன்னு கடைக்கார அண்ணாச்சி சிரிச்சார்.

"இல்ல அண்ணாச்சி, காப்பாத்தப் போறேன். முள்ளைப் பாத்துச் சொல்லுங்க."

ஆறு கிலோதான். அவர் சிரிப்பு நின்னுட்டு. அம்மா அங்கன இருந்தே தென்காசி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினா. தம்பி இப்போ பட்டாளத்துல இருக்கான்.

இங்க அங்கன்வாடியில, "கண் பட்டுரும்ட்டி, வேண்டாம்"னு மாமியார் என் கையைப் பிடிச்சாங்க. கையை உருவிட்டு, மகளைத் தராசுத் தொட்டில்ல வச்சேன்.

"டீச்சர், எடையைச் சத்தமா சொல்லுங்க."