செவ்வாய்க்கு ராஜா கிடையாது

போன வாரத்துக்கு முந்தின வாரம் திங்கட்கிழமை காலையில் ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "வஜ்ரவேலு இருக்கிறாருங்களா?" என்று கேட்டார்.

இந்தப் பத்திரிகையை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு வஜ்ரவேலு யாரென்று சொல்ல வேண்டியதில்லை. புதியவர்களுக்குச் சொல்கிறேன். யுத்தகாலப் பேப்பர் கண்ட்ரோலில் எலும்பும் தோலுமாகிவிட்ட இதே பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், வாரா வாரம் ஆகாயக் கப்பல் ஏறிக் கிரகம் கிரகமாகச் சுற்றுகிற வீரன் அவன். தகரச் சட்டை, மின்சாரத் துப்பாக்கி, முறுக்கு மீசை. எழுதுகிறவன் நான்தான். அஸ்தம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு அவனை அண்டவெளியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அவர் ஊரில் இல்லை. செவ்வாய்க்குப் போயிருக்கிறார்" என்றேன். எனக்குக் கொஞ்சம் குசும்பு உண்டு.

வந்தவர் சிரிக்கவில்லை. "அது தெரியுமுங்க. அதுக்குத்தானுங்க வந்தோம்" என்றார்.

'வந்தோம்' என்றாரே... யார் யார்? எட்டிப் பார்த்தேன். பின்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அவருடைய மகள், பெயர் பாவாயி. அவர் நல்லப்பன், எருமப்பட்டிப் பக்கம் விவசாயம். நாமக்கல்லிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்ததில் இரண்டு பேர் முகத்திலும் புகை அப்பியிருந்தது. அவர் கையில் துண்டில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் — அந்த வாரத்து நம் பத்திரிகை!

"பொண்ணுக்குச் செவ்வா தோசமுங்க" என்று ஆரம்பித்தார் நல்லப்பன்.

சாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். அந்தப் பெண்ணைக் கட்டினால் புருஷனுக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். நாலு இடத்திலிருந்து வந்தார்கள், சாதகத்தைப் பார்த்தார்கள், போய்விட்டார்கள். ஐந்தாவதாக வந்தது ஓமலூர். ஒரு கல்யாணத்தில் பாவாயியைப் பார்த்த பையன், கட்டினால் இவளைத்தான் என்கிறான். பையனுடைய அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தாராம்.

இதில் வஜ்ரவேலு எங்கே வந்தான்? அதையும் கேளுங்கள்.

பையனின் அப்பா, அந்த ஓமலூர்க்காரர், டீக்கடையில் வாரா வாரம் நம் பத்திரிகையைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். வஜ்ரவேலு செவ்வாயில் இறங்கிய வாரம் நான் என்ன எழுதினேன்? 'எங்கு பார்த்தாலும் மண். ஓமலூர்க் காட்டுச் செம்மண் போலவே இருந்தது' என்று எழுதினேன். ஏன் ஓமலூர்? எனக்குத் தெரிந்த செம்மண் அதுதான். செவ்வாயை நான் மொட்டைமாடியிலிருந்து புள்ளியாகப் பார்த்ததோடு சரி.

அந்த ஒரு வரியில் ஓமலூர்க்காரர் விழுந்துவிட்டார். "சோசியரு இங்க குந்திக்கிட்டுச் சொல்றாரு. இந்த ஆளு போயி எறங்கியே பாத்துட்டான். ஒண்ணும் ஆவலியே" என்று டீக்கடையிலேயே அறிவித்துவிட்டு, பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கதையில் விறுவிறுப்பு வேண்டாமா! அடுத்த வாரமே, செவ்வாயை ஆளும் அங்கார ராஜன் என்று ஒரு கொடுங்கோலனைக் கொண்டுவந்தேன். வஜ்ரவேலுவைப் பிடித்து இரும்புத் தூணில் கட்ட வைத்தேன். 'தப்புவானா வஜ்ரவேலு?' என்று முடித்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பி அதிகமாகக் குடித்தேன்.

"அதப் படிச்சுப்போட்டு அவங்க சொல்லியுட்டாங்கங்க" என்றார் நல்லப்பன். "அத்தாச் சோட்டுப் பெரிய சூரனையே செவ்வா புடிச்சுக் கட்டிப்போட்டிருச்சு, எம் பையன் எம்மாத்திரம்... அடுத்த வாரம் என்ன ஆவுதுன்னு பாத்துப்போட்டுச் சொல்றோம்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாவாயியைப் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது.

"எப்படியாச்சும் அவரத் தப்பிக்க வெச்சிருங்க சாமி" என்று நல்லப்பன் கைகூப்பினார்.

சங்கடம் என்னவென்றால், அடுத்த அத்தியாயம் ஏற்கனவே அச்சாபீஸில் கம்போஸ் ஆகிக்கொண்டிருந்தது. அதில் வஜ்ரவேலு தப்பவில்லை. அவன் தப்ப ஆறு வாரம் ஆகும் என்று ஆசிரியரோடு ஏற்பாடு. ஆனாலும் என்ன? எழுதுகிறவன் நான். நினைத்தால் நிமிஷத்தில் அவிழ்த்துவிட மாட்டேனா?

"கவலைப்படாதீங்க" என்றேன் தாராளமாக. "இந்த வாரமே அறுத்துக்கிட்டு வந்துருவான். அந்த ராஜாவையும் தீர்த்துக் கட்டிடுவான்."

அப்போதுதான் பாவாயி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "அது வேண்டாமுங்க" என்றாள்.

"கண்ணு, நீ சும்மா இரு" என்று அடக்கினார் அப்பா. அவள் இருக்கவில்லை.

"அவரு சூரரு, தப்பிச்சுக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. மத்தவங்களுக்குச் செவ்வா அப்படியேதானுங்க இருக்கும். அந்த ராசா செத்தா அவன் மகன் ஒருத்தன் வருவானுங்க. நீங்களே எழுதுவீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மகனுக்குப் பெயர்கூட வைத்துவிட்டிருந்தேன்!

"அப்புறம் என்னதான் எழுதச் சொல்றே?"

"ராசாவே இல்லீன்னு எழுதுங்க. மண்ணுதான் இருக்குதுன்னு எழுதுங்க. மொதல்ல அப்படித்தானுங்களே எழுதினீங்க."

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. என் கதையை எனக்கே திருத்துவதா? "ராஜா இல்லேன்னா அவனைக் கட்டிப்போட்டது யாராம்?" என்றேன்.

"யாருமே கட்டியிருக்க மாட்டாங்க. பயந்துபோயி அவரே நின்னிருப்பாருங்க" என்றாள். சொல்லும்போது அவள் பார்வை என் மேல் இல்லை, தன் அப்பா மேல் இருந்தது.

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. முதல் வாரம் மனசுக்குப் பட்டதை எழுதினேன், அடுத்த வாரம் விற்கிறதை எழுதினேன். இதை அஸ்தம்பட்டியில் வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை. எருமப்பட்டியிலிருந்து ஒரு பெண் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

அவர்களை அனுப்பிவிட்டு ஜட்கா பிடித்து நேராக அச்சாபீஸுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டதும் ஆசிரியர் தலையில் கை வைத்தார்.

"கிரீடம் எல்லாம் வெச்சு ராஜாவுக்குப் படம் போட்டோமே ஐயா. இப்போ ராஜாவே இல்லேன்னா எப்படி?"

"நிழல். பாறைமேல விழுந்த நிழல்."

"ஆறு வாரத்துக்கு என்னத்தைப் போடறது?"

"அது என் பாடு."

"வாசகர்கள் கல்லால அடிப்பாங்க."

"என் வீட்டு விலாசத்தைக் கொடுங்க. வந்து அடிக்கட்டும்."

கோத்த எழுத்தையெல்லாம் கம்பாசிட்டர் முணுமுணுத்தபடி கலைத்தார். நான் பக்கத்திலேயே நின்று எழுதினேன். வஜ்ரவேலு குனிந்து பார்க்கிறான். சங்கிலி இல்லை, தூண் இல்லை. எதிர்ப் பாறையில் கிரீடத்தோடு நின்றது அவனுடைய நிழல்தான், கிரீடம் அவன் தகரக் குல்லாய். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளி ஜேபியில் போட்டுக்கொண்டு கப்பல் ஏறுகிறான். அவ்வளவுதான்!

போன வாரம் அதைப் படித்துவிட்டு, 'எங்கே அங்கார ராஜன்? யாரை ஏமாற்றுகிறீர்?' என்று கடிதம் எழுதித் தீர்த்த அன்பர்களே, உங்களுக்குப் பதில் இதுதான். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ராஜா திரும்பி வரமாட்டான்.

யோசித்துப் பாருங்கள். ஜோசியரும் செவ்வாய்க்குப் போனதில்லை, நானும் போனதில்லை. இரண்டு பேர் சொல்வதையும் ஜனங்கள் நம்புகிறார்கள். அப்படி நம்புகிறவர்களிடம் பயத்தை விற்பானேன்? தைரியத்தை எழுதினாலும் அதே மைதானே செலவாகிறது?

'அடுத்தபடியாகச் சனி கிரகத்துக்கு அனுப்பலாமா?' என்று ஆசிரியர் ஆசையாகக் கேட்கிறார். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏழரைச் சனி பிடித்தவர்கள் அத்தனை பேரும் அஸ்தம்பட்டிக்குக் கிளம்பி வந்தால் உட்கார நாலு பெஞ்சு வேண்டும், அதைத்தான் யோசிக்கிறேன்.

நேற்று எருமப்பட்டியிலிருந்து ஒரு கார்டு வந்தது. நல்லப்பன் சொல்லச் சொல்லப் பாவாயி எழுதியது. டீக்கடையில் நம் பத்திரிகையைக் கேட்டு முடித்த ஓமலூர்க்காரர், "வெறும் மண்ணுக்கா இத்தனை நாள் பயந்தோம்" என்று எழுந்தாராம். பெண் பார்க்க என்றைக்கு வரலாம், நல்ல நாளாகப் பார்த்து நீங்களே சொல்லுங்கள் என்று ஆளனுப்பினாராம்.

நல்லப்பன் பஞ்சாங்கத்தைத் தேடி எழுந்திருப்பதற்குள் பாவாயி நாளைச் சொல்லி அனுப்பிவிட்டாளாம் — செவ்வாய்க்கிழமை.