மழைக் காலையில் மெதுவாக எழும்புகிறவள்

முதலில் என் கைக்குத் திறக்காமல் போனது எங்கள் வீட்டுக் கதவுதான். ஒரு விடியலில் தண்ணீர் பிடிக்க வாளியோடு எழும்பினேன். தாழ்ப்பாளை இழுக்க விரல்கள் மடங்கவில்லை. பெரிய வலி இல்லை. விரல்களுக்குள் மெழுகை ஊற்றி இறுக வைத்தது போல இருந்தது. கணவரை எழுப்பித்தான் கதவைத் திறந்தேன். குளிர் என்று நினைத்தேன். வட்டகொடைப் பக்கம் மார்கழியில் யாருக்குத்தான் கை விறைக்காது?

அன்று மலைக்குப் போய்த் தேயிலைக் கொழுந்தும் எடுத்தேன். வெயில் ஏறியதும் விரல்கள் இளகிவிட்டன. அதனாலேயே பல மாதங்கள் அதை நோய் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு மணிக்கட்டு வீங்கியது. அப்புறம் முழங்கால், கணுக்கால். ஒரு நாள் கொழுந்துக் கூடையோடு சரிவில் உட்கார்ந்தவளால் எழும்பவே முடியவில்லை. அதோடு மலை வேலை முடிந்தது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பெயர் சொன்னார்கள்: முடக்குவாதம் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைத் தாக்கும் நோய்). டொக்டர் சிங்களவர், ஆனால் பொறுமையாகத் தமிழ் பேசினார்.

“காலையில எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கும் அம்மா?”

“வெயில் வர்ற வரைக்கும் டொக்டர்.”

“வெயில் வராத நாளில?”

எங்கள் பக்கம் அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம்.

இது முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்றார். வாரத்துக்கு ஒரு தடவை போடும் மாத்திரை (எதிர்ப்புச் சக்தியைத் தணித்து வைப்பது) எழுதித் தந்தார். “இதைப் போடும்போது கிருமி சுலபமாப் பிடிக்கும். காய்ச்சல் வந்தா உடனே வாங்க. ஈரமான இடத்தில படுக்க வேணாம்” என்றார். என் கணவர் செல்வராஜ் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

எங்கள் லயம், ஒன்றோடொன்று ஒட்டிய பழைய வீடுகளின் வரிசை, மலையை வெட்டிய மேட்டுக்கு அடியில் இருந்தது. மழைக்காலத்தில் பின்சுவர் வியர்க்கும். கறுப்பாகப் பூஞ்சணம் படியும். துடைத்தால் அடுத்த வாரமே திரும்பி வரும். கட்டில் போட அந்தச் சுவரோரத்தைத் தவிர வேறு இடம் கிடையாது. இரண்டாவது வருடம் எனக்கு நிமோனியா (நுரையீரலில் கிருமி பரவி மூச்சை அடைக்கும் நோய்) வந்தது. அது ஆறும்வரை மூட்டு மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் மூட்டுகள் வீங்கின. திரும்பத் தொடங்கியதும் இருமல் வந்தது. டொக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். சுவரை மாற்ற அவரால் முடியாது.

அந்த மழையில்தான் பின்மேட்டில் ஒரு வெடிப்பு தெரிந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இது ஆள் இருக்கக்கூடாத இடம், மாற்று இடம் கிடைக்கும்வரை கடும் மழைக்கு எல்லோரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும் என்றார்கள். சொன்னது சரிதான். ஆனால் ஸ்கூல் மேட்டில் இருக்கிறது. பாதி உடைந்த கருங்கல் படிகளில் ஏறித்தான் போக வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்கவே எனக்கு வெகுநேரம் வேண்டும்.

முதல் தடவை செல்வராஜ் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏறினார். படுத்தது சீமெந்துத் தரையில். அதையும் தாங்கிக்கொண்டேன். கழிப்பறையைத்தான் தாங்க முடியவில்லை. குந்தி உட்காரும் கழிப்பறை. உட்கார்ந்தேன், எழும்ப முடியவில்லை. கதவைத் தள்ளித் திறந்து மூன்று பெண்கள் என்னைத் தூக்கினார்கள். அதில் ஒருத்தி, கட்டிக்கொடுத்துப் போன என் மகளோடு படித்த பிள்ளை. அதற்குப் பிறகு அங்கே இருந்தவரை நான் தண்ணீர் குடிக்கவில்லை. வீடு திரும்பியதும் சிறுநீரில் கிருமித் தொற்று வந்து மறுபடி வார்டு. ஏன் தண்ணீர் குடிக்கவில்லை என்று டொக்டர் கேட்டபோது, தாகம் இல்லை என்று சொன்னேன்.

இனிமேல் என்ன மழை வந்தாலும் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இதை வாசிக்கிற, இதே நிலையில் இருக்கிற உங்களில் சிலரும் இந்த முடிவை எடுத்திருப்பீர்கள். அதைப் பிடிவாதம் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கழிப்பறை தெரியாது.

அடுத்த எச்சரிக்கை ஒரு காலை நேரத்தில் வந்தது. செல்வராஜ் தேயிலை ஃபெக்டரியில் வேலையில் இருந்தார். கோயில் ஒலிபெருக்கியில் எல்லோரையும் கிளம்பச் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் இருக்கும் லெச்சுமி, என் கணவரின் தங்கை, பிள்ளைகள் இரண்டையும் முன்னால் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள்.

“அண்ணி, எழும்புங்க. போவோம்.”

“நான் வரல. நீ புள்ளைங்களோட போ.”

அவள் நேராக என் அடுப்படிக்குள் போனாள். விறகு ஒடிக்கும் சத்தம் கேட்டது. மாவு டின்னைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“என்னடி செய்யிற?”

“ரொட்டி சுடுறேன். இங்கேயே இருக்கப் போறோம்னா பசிக்கும்ல.”

“உனக்குப் பைத்தியமா? புள்ளைங்க அங்க நிக்குதுங்க!”

“நிக்கத்தான் செய்யுதுங்க. அத்தையும் நானும் பின்னாலேயே வர்றோம்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன்.”

நான் கத்தினேன். கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியில் அழுகையோடு அது வாயிலிருந்து வந்துவிட்டது.

“அங்க கக்கூசுல என்னால குந்த முடியாது லெச்சுமி. போன தடவ மூணு பேரு வந்து தூக்கினாங்க. மண்ணு வந்து மூடினாலும் பரவால்ல, அந்த அசிங்கம் மட்டும் எனக்கு வேணாம்.”

அவள் கை நின்றது.

“இதை ஏன் அண்ணி யாருக்கிட்டயும் சொல்லல?”

பதிலுக்குக் காத்திராமல் மழைக்குள் ஓடினாள். தன் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் கதிரை (நாற்காலி) ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தாள். அவளிடம் இருந்த ஒரே கதிரை அது. கத்தியை அடுப்பில் வைத்துப் பழுக்கக் காய்ச்சினாள். கதிரையின் இருக்கையில் வட்டமாக அறுக்கத் தொடங்கினாள். வீடெல்லாம் பிளாஸ்டிக் புகை. நான் இருமினேன். அவளும் இருமினாள். அறுத்த துண்டு கீழே விழுந்ததும் கதிரையைத் தூக்கி எனக்குக் காட்டினாள்.

“இந்தாங்க, உங்க கொமட்டு, குந்தாம உக்காந்தே போகலாம். இப்ப வருவீங்கதானே?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மழையில், அந்த வெடித்த மேட்டுக்கு அடியில், நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஓட்டையின் மேல் ஒரு பலகையை வைத்து, அதே கதிரையில் என்னை உட்கார வைத்தாள். அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்த கடைசி வீட்டு ஆண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். லெச்சுமி குடையோடும் என் மருந்துப் பையோடும் பின்னால் வந்தாள். ஸ்கூலில் ஒரு மூலையைச் சேலையால் மறைத்து, வாளி வைத்து, கதிரையை அதன் மேல் நிறுத்தினாள். பிறகு ஒரு செம்பு தண்ணீரை என் கையில் தந்தாள். முழுதையும் குடித்தேன்.

மத்தியானம்போல் கீழே ஒரு சத்தம். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல இருந்தது. பிறகு மழைச் சத்தம் மட்டும். ஆண்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். லயத்தின் பின்புறம் நான்கு வீட்டு அடுப்படிகள் மண்ணுக்குள் போயிருந்தன. எங்களுடையதும் ஒன்று. உள்ளே ஆள் யாரும் இல்லை.

நான் லெச்சுமியைத் திரும்பிப் பார்த்தேன். எனக்காக அவள் அந்த அடுப்படியில்தானே உட்கார்ந்திருந்தாள்? வீட்டை விட்டு வராமல் இருப்பது என் உயிர் சம்பந்தப்பட்ட முடிவு என்று நினைத்திருந்தேன். அவள் உயிரும் அதில் இருந்தது எனக்குத் தெரியாது. லெச்சுமி பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. தலவாக்கலையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் பாரூக் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் அழைப்போம்), செல்வராஜுக்குப் பழக்கமானவர். விஷயத்தைக் கேள்விப்பட்டு, “கடைக்குப் பின்னால உம்மா இருந்த ரூம் சும்மா கிடக்கு. அவங்களும் கடைசிக் காலத்துல நடக்க ஏலாமத்தான் இருந்தாங்க. படி இல்ல, கொமட் இருக்கு. வந்து பாருங்க” என்றாராம். தோட்டத்தை விட்டுப் போனால் தோட்டத்தில் கட்டித் தரப்போகும் புதிய வீட்டுக்கான பட்டியலில் பேர் போய்விடும் என்று பலர் பயமுறுத்தினார்கள். அந்தப் பயம் எங்களுக்கு இன்னும் இருக்கிறது. செல்வராஜ் தோட்டத்து வேலையை விடவில்லை. தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். லெச்சுமிக்கு மேல் லயத்தில் ஒரு காம்பரா, ஒற்றை அறை, கொடுத்திருக்கிறார்கள். அதுவும் மேட்டுக்கு அடியில்தான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்களால் எது முடியாது என்பதை, அது எவ்வளவு வெட்கமான காரியமானாலும், மழை வருவதற்கு முன்பே ஒருவரிடம் சொல்லி வையுங்கள். கிராம சேவகரிடமும் சொல்லுங்கள். யார் தூக்குவார்கள் என்று கேட்டு வையுங்கள். டொக்டரிடம் வீட்டைப் பற்றியும் பேசுங்கள். அடுத்த கிளினிக்கில் நான் தாகத்தைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

இங்கே சுவர் வியர்ப்பதில்லை. இருமல் குறைந்திருக்கிறது. விரல்கள் கோணியது கோணியதுதான், அவை இனி நிமிராது. காலை விறைப்பும் போகவில்லை. ஆனால் அந்த நேரம் மாறியிருக்கிறது. முன்பு அது மலை வேலைக்கும் மழை எச்சரிக்கைக்கும் பின்னால் நான் ஓடித் தோற்கும் நேரம். இப்போது விரல், மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றாக விழிக்க விட்டுப் படுத்திருக்கிறேன். இந்த உடம்பு மெதுவான உடம்பு. அதன் நேரத்தை அதற்குக் கொடுக்க ஒரு தரை கிடைத்திருக்கிறது.

போன வாரம் விடியலில் நல்ல மழை. கண் விழித்ததும் மனம் ஸ்கூல் படிகளில் ஏறத் தொடங்கிவிட்டது. கட்டிலோரம் இருந்த ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்து லெச்சுமியைக் கூப்பிட்டேன்.

“ஸ்கூலுக்கு வந்துட்டோம் அண்ணி. புள்ளைங்க எங்கூடத்தான் இருக்குதுங்க. நீங்க எழும்பிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. கை இப்பத்தான் கொஞ்சம் இளகுது.”

“அவசரப்படாதீங்க. படுங்க.”

அவளுக்குப் பின்னால் பிள்ளைகளின் பேச்சுச் சத்தம் கேட்டது. ஃபோனை வைக்காமல் அப்படியே காதோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.