ஆறாவது மாத்திரை

என் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருக்கிறது. ஐந்து குழிகள் காலி, மீதி ஒன்பதில் மாத்திரை. இதே கணக்கில் ஓர் அட்டையை முன்பும் கையில் வாங்கியிருக்கிறேன். கோழிப்பண்ணையில் எங்களுக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் அண்ணனின் காரியம் முடிந்த அன்று, அவருடைய சட்டைப் பையில் கிடந்ததென்று அண்ணி கொண்டுவந்து கொடுத்தார். "இத ஏனுங்க தம்பி அவுரு திங்காம உட்டுப்போட்டாரு?" என்று கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். தெரியாதென்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாமக்கல் பக்கத்தில் இருந்த முட்டைக்கோழிப் பண்ணை அது. அண்ணன் காலில் சக்கரம் கட்டியிருக்கிறதா என்று கேலி செய்வோம். கொட்டகையை ஒரு சுற்று வந்தால் போதும், எந்தக் கூண்டில் எந்தக் கோழி சுணங்கி நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் நெஞ்சுக்கும் பிரஷருக்கும் சேர்த்து ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாலைந்து மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். வலி நின்றது, கூடவே அந்த வேகமும் போனது. பாதிச் சுற்றிலேயே தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிடுவார். சித்திரை வெயிலிலும் அவர் கை சில்லென்றிருக்கும். முதலாளி வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு வேறு கிளம்பியது. "நானே நோக்காட்டுக் கோழியாட்டம் ஆயிட்டேன் சாமி" என்றார் ஒரு நாள்.

வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். "மருந்து குடுத்துக் கோழி மந்தமாப் போனா நாம என்னுங்கண்ணா பண்ணுவோம்? மருந்த நிறுத்திப்போட்டு வெறுந்தண்ணி உடுவோம். நீங்களும் நிறுத்திப் பாருங்க" என்றேன். பண்ணையில் அதுதான் வழக்கம். தொட்டியில் கலந்த மருந்தை ஒரே நாளில் அடியோடு நிறுத்திவிடுவோம். "அதுஞ் செரிதான்" என்று சிரித்தார் அண்ணன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் பழைய நடை திரும்பிவிட்டது. கையைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த வாரம் காலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே போய்விட்டார்.

இப்போது எனக்கும் அதே மாத்திரை. அதே அசதி, அதே சில்லிட்ட கை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "அளவக் கொறைச்சுப் பாக்கலாம், இல்லீன்னா வேற மாத்தலாம். நீங்களாச் சட்டுனு நிறுத்துனா மட்டும் நெஞ்சு தாங்காதுங்க" என்றார் டாக்டர். டாக்டரைக் கேட்பது எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துபோனது. அன்று வெளியே வந்து மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அழுது என்ன ஆகப்போகிறது?

அண்ணியும் போன வருஷம் தவறிவிட்டார். அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல இனி எனக்கு ஆளில்லை. ஒவ்வோர் அட்டையிலும் ஐந்து குழி காலியானதும் என் விரல் நின்றுவிடுகிறது. பிறகு ஆறாவதைப் பிதுக்கி எடுத்து, வெறும் தண்ணீரில் விழுங்குகிறேன்.