ஐந்து கை மெழுகுவத்தித் தண்டு

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் துபாயிலிருந்து அத்தா பேசுவார்; அப்பாவை நாங்கள் அத்தா என்போம். லெப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்த நேரத்துக்குத்தான் போன் அடிக்கும். அத்தாவின் அண்ணன் பெரியத்தாவும் அம்மாவும் பேசி முடித்து, கடைசியில் என் கைக்கு வரும்போது போன் சூடாக இருக்கும். "நல்லா படிக்கிறியா?" "படிக்கிறேன்த்தா." அவ்வளவுதான். ஒரு வாரம் காத்திருந்ததற்கு அது ரொம்பக் கொஞ்சம்.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு போட்டோ அனுப்பினார். அவர் வேலை பார்த்த ஹோட்டலில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் ஐந்து கிளை விட்ட மெழுகுவத்தித் தண்டு. பக்கத்தில் துடைக்கிற துணியோடு அத்தா. அது என்ன என்று கேட்டேன்.

"கேண்டலாப்ராங்கறாங்க. தெனமும் தொடைக்கிறேன், அர்த்தம்தான் தெரியல. நீதான் இங்கிலீசு படிக்கிறவளாச்சே, பாத்துச் சொல்லேன்."

அத்தா என்னிடம் ஒன்று கேட்டுவிட்டார்! இங்கிலீஷ் டீச்சரை மூன்று நாள் நச்சரித்துப் பெரிய அகராதியைத் திறக்கவைத்தேன். லத்தீன் சொல்லாம். கேண்டேலா என்றால் மெழுகுவத்தி. அதற்கும் வேர், வெண்மையாக ஒளிர்வது என்ற பொருளுள்ள இன்னொரு சொல். கேண்டலாப்ரா என்பதே பன்மை. ஒன்றே ஒன்று என்றால் கேண்டலாப்ரம்.

அரையாண்டு லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "அடேங்கப்பா! நாங்க அத்தன பேரும் தப்பாத்தான் சொல்லிட்டிருக்கோமா?" என்றார். அன்று ஐந்து நிமிஷம் பேசினோம்.

அடுத்த வெள்ளி, "அதுக்கு என்னவோ அர்த்தம் சொன்னியே, என்னம்மா அது?" என்றார். சொன்னேன். அதற்கடுத்த வெள்ளியும் கேட்டார். வெண்மை என்றால் பால் மாதிரியா, சுண்ணாம்பு மாதிரியா என்று வேறு கேட்டார். ஐந்தாவது வெள்ளி எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எத்தன தடவத்தா சொல்றது? ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கங்க!"

 "சரிம்மா, எழுதிக்கறேன்" என்றார்.

மறு வாரத்திலிருந்து பழையபடி "நல்லா படிக்கிறியா?"தான். பதில் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது கேட்பாரா என்று போனைக் காதிலேயே வைத்திருப்பேன். பக்கத்து வீடுகளில் எல்லாரும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அழுகை வரும்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். பெட்டியைக் குடைந்தபோது பழைய டைரி ஒன்று கிடைத்தது. கேண்டலாப்ரம், லத்தீன், வெண்மையாக ஒளிர்வது, எல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன. தேதியைப் பார்த்தேன். அரையாண்டு லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

எழுதி வைத்துக்கொண்டுமா அத்தனை வாரம் கேட்டார், என் அத்தாவுக்கு இவ்வளவு மறதியா என்று விழுந்து விழுந்து சிரித்தபடி அம்மாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.