எதிர்ச் சுற்று

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குக் கொடி ஏறிவிட்டால் ஊரே கோயிலைச் சுற்றத் தொடங்கிவிடும். கோமதி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்கிறாள் அல்லவா, அவளுடைய கால்வலியில் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளத்தான் இந்தச் சுற்று என்பார்கள். நூற்றெட்டு முறை சுற்றுகிறவர்கள் கணக்குத் தவறாமல் இருக்கப் புளியங்கொட்டைகளைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டே போவார்கள். அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் இதையெல்லாம் அப்படியே நம்பினேன். வந்த வம்பு அதனால்தான்.

அதற்கு முந்தைய ஆடியில் அம்மா நூற்றெட்டும் சுற்றி முடித்தாள். ஆவணியில் அவளுடைய இரண்டு கால்களும் எரிய ஆரம்பித்தன. முழங்காலுக்குக் கீழே கரண்ட் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். சேலைக் கரை உரசினால்கூடத் துடித்துப்போவாள். ஆனால் காலில் ஒரு வீக்கமோ தடிப்போ கிடையாது. இன்றுவரை அந்த வலிக்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அப்போது திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தார்கள். விசைத்தறியில் வேலை பார்த்த அப்பா, அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"ஒண்ணுமே இல்லைன்னுட்டாவ. நரம்பெல்லாம் நல்லா இருக்காம். இவ மனசுலதான் கெடந்து வலிக்கி."

சித்தி அதற்கும் ஒரு படி மேலே போய், குடம் தூக்கும் நேரம் பார்த்து வருகிற வலி என்றாள். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. டாக்டர் இல்லை என்கிறார். அம்மாவோ அடுப்படித் தரையில் தண்ணீரை ஊற்றி, அதில் நின்றுகொண்டு சோறு பொங்குகிறாள். யார் சொல்வது நிஜம்? கடைசியில் நானே கண்டுபிடித்தேன். அம்மா அளவுக்கு மீறி வலியை வாங்கிவிட்டாள். அது அம்மனுடைய வலி, ஸ்கேனில் எப்படித் தெரியும்? திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

அந்த வருடம் கொடியேறிய மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். அம்மா தூணோரம் உட்கார்ந்து, குளிர்ந்த கல்தரையில் கால்களை நீட்டிக்கொண்டாள். சித்தி சுற்றக் கிளம்பினாள். நான் அவள் பின்னால் போவதுபோல் போய், சட்டென்று திரும்பி எதிர்த் திசையில் சுற்ற ஆரம்பித்தேன்.

வலமாக வருகிற கூட்டத்துக்குள் இடமாகப் போவது லேசான காரியம் இல்லை. வயிறும் முழங்கையுமாக முகத்தில் இடித்தன. ஆறாவது சுற்றில் ஒரு வயதான அம்மாள்மேல் மோதியதில், அவர் கையிலிருந்த புளியங்கொட்டைகள் அத்தனையும் சிதறிவிட்டன.

"எத்தனை சுத்துன்னே மறந்து போச்சே. ஏட்டி, யார் வீட்டுப் பிள்ளை நீ? எதுத்தாப்புல வார?"

நான் அழுதுகொண்டே தூணைக் காட்டினேன். அவர் என் காதைப் பிடித்து அம்மாவிடம் இழுத்துப்போய் ஒப்படைத்தார். சத்தம் கேட்டுச் சித்தியும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்குட்டி இப்படிச் செஞ்ச?" என்றாள் அம்மா.

"ஒன்கிட்ட இருக்குறது அம்மனோட வலிம்மா. நீ கூடுதலா வாங்கிட்ட. அதான் திருப்பிக் குடுக்கேன்."

சித்தி சிரித்துவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு வலிக்கின்னு நீ நெசமாவே நம்புதியா மக்கா?"

"வலிக்கத்தான செய்யுது?" என்றேன்.

அம்மா அம்மன் சன்னதிப் பக்கம் பார்த்தாள். "அவளுக்கு வலிக்கின்னு ஊரே நம்புது. ஸ்கேன் எங்கன்னு ஒருத்தரும் கேக்கல," என்றவள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அத்தனை நாள் வலியிலும் அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் சுற்றில் எங்கோ தப்பு நடந்து வலி கூடிவிட்டது என்றுதான் நினைத்தேன். சித்தியின் கையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குள் ஓடினேன். இந்த முறை எல்லோரும் போகிற திசையில், அம்மாவின் வலியில் கொஞ்சமாவது எனக்கு வந்துவிடட்டும் என்று.