காதுக்காரன் சுருக்கிய வீடியோக்கள்

காது கேட்கிறவர்களின் போனில் இடம் எப்படித் தீர்ந்துபோகிறது என்று எனக்குத் தெரியும். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, யாரோ அனுப்பிய மீன்குழம்பு, கல்யாண வீட்டு ஆட்டம். போன் முனகத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அழித்துவிடுவார்கள். என் போனை அடைத்துக்கொண்டிருந்தது பேச்சு. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போனது. அதற்குப் பிறகு அம்மா என்னோடு கையால்தான் பேசினாள். நான் பிள்ளையார்குப்பத்தில் ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கியதும், உறுவையாறு வீட்டுச் சமையலறையில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்து, எதிரே நின்று பேசி, அந்த வீடியோவை அனுப்புவாள். வீடியோ காலும் செய்து பார்த்தோம். எங்கள் வீட்டு சிக்னலுக்கு அம்மாவின் கை பாதி வார்த்தையில் நின்றுபோகும். எனக்குப் பொறுமை கிடையாது, அதனால் அதை விட்டுவிட்டோம்.

அம்மா பேசியது எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தருகிற சைகை இல்லை. எங்கள் வீட்டுக்குள் முளைத்தது. மூக்கைச் சுருக்கினால் நான். எனக்குக் கோபம் மூக்குநுனியில் நிற்கிறது என்பது அவள் கட்சி. காது மடலைப் பிடித்து இழுத்தால் அண்ணன், அதாவது காதுக்காரன். அப்பாவுக்கும் காது உண்டுதான், ஆனால் வீட்டில் அவர் அதைப் பயன்படுத்தியதாக அம்மா ஒப்புக்கொண்டதே இல்லை. உள்ளங்கையை நெஞ்சுக்கு முன்னால் நீட்டி, அடுப்பில் பால் வைத்தவள்போல அதையே உற்றுப் பார்த்தால், 'பார்த்துக்கொள்.' கட்டைவிரலை நிமிர்த்தினால் 'மட்டும்', 'அவ்வளவுதான்.' அம்மாவின் கட்டைவிரல் நிமிர்த்தும்போது பின்பக்கமாக வில்லாக வளையும். என் விரல் அப்பாவுடையதைப்போல நேராக நிற்கும். சின்ன வயதில் அதைப் பிடித்து வளைத்துப் பார்த்து அழுதிருக்கிறேன்.

அவளுக்கு வாய் ஊருக்கு, கை எனக்கு. பாகூரிலிருந்து அத்தை வந்து பொழுது சாய்ந்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தால், அம்மாவின் வாய், "இன்னா அவசரம், இருந்து சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லும். இடுப்புக்குப் பக்கத்தில் கை, 'உலையில் அரிசி போட்டாயிற்று, இவள் எப்போது கிளம்புவாள்' என்று என்னைக் கேட்கும். உதட்டைப் படிக்கவும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாகப் படித்துவிட்டுச் சிரிக்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. அத்தைக்கு இன்றுவரை இது தெரியாது.

அண்ணனுக்கும் தெரியாது. பக்கத்திலேயே வளர்ந்தும் அவன் கைப்பேச்சைக் கற்றுக்கொள்ளவில்லை. சாப்பாடு, தூக்கம், பஸ், அதோடு சரி. மற்றதையெல்லாம் வாயை அகலமாகத் திறந்து மெதுவாகச் சொல்வான், அல்லது போனில் தட்டிக் காட்டுவான். நான் வாயால் பதில் சொல்லிவிடுவேன். என் குரல் கொஞ்சம் கரகரப்பு என்று சொல்வார்கள்.

போன மழைக்காலத்தில் அம்மா மாரடைப்பில் போய்விட்டாள். உறுவையாற்றில் எல்லோரும் அழுததைப் பார்த்தேன். அழுகைக்கும் உதடு உண்டு. என்னிடம் யார் கையால் வந்து சொல்லப்போகிறார்கள் என்று நின்றேன். ஒருவரும் இல்லை.

அவள் அனுப்பிய வீடியோக்கள் என் போனில் கொள்ளாமல், அவ்வப்போது அண்ணனின் கம்ப்யூட்டருக்கு மாற்றிவைப்பது வழக்கம். வில்லியனூரில் அவன் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருவான். கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் என்னைக் கடைக்கு வரச் சொன்னான். உள்ளங்கையில் ஒரு மெமரி கார்டை வைத்து நீட்டினான். முகமெல்லாம் பெருமை.

"அம்மா வீடியோ மொத்தமும் இதுல கீது. கம்ப்யூட்டர்ல எடமே இல்ல, அதான் வேற ஃபார்மட்டுக்கு மாத்திட்டேன். ரொம்ப சின்னதா ஆயிடுச்சு. இனிமே எங்க போனாலும் எடுத்துனு போலாம்."

காதுக்காரனுக்கும் ஈரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கார்டைப் போனில் போட்டேன். அம்மா நின்றாள். நெஞ்சருகே இருந்த கை சட்டென்று தலையருகே இருந்தது. நடுவே ஒன்றுமில்லை. விரல்கள் இருந்த இடத்தில் ஈரத்துணியால் துடைத்த கோலம்போல ஒரு வெள்ளை இழுப்பு. அடுத்ததைத் திறந்தேன், அதற்கடுத்ததை. எல்லாவற்றிலும் அதே புகை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் வரும்வரை நிற்க முடியாமல், வில்லியனூருக்கு நடந்தே திரும்பினேன்.

"பழசு எங்கண்ணா?"

"அழிச்சிட்டேன். எடம் வேணுமில்ல?"

"அம்மா கை எங்க? கை எங்க போச்சு?"

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணனுக்குப் புரியவில்லை. சாந்தமாகத்தான் சொன்னான்.

"படத்த மட்டும்தான் கொறச்சேன். அம்மா ஒரே எடத்துலதான நிக்குது, நொடிக்கு அஞ்சு படம் போதும்னு வச்சேன். சவுண்டுல கைய வைக்கல. அம்மா கொரலு அப்படியே கீது. நீயே கேட்டுப் பாரு."

கேட்டுப் பாரு என்றான், என்னிடம். சொன்ன பிறகு அவன் முகம் செத்துப்போனது. என் மூக்கு சுருங்கியிருக்கும். போனிலிருந்து கார்டை உருவி அவன் மேஜைமீது எறிந்துவிட்டு வந்தேன். பாதி வழியில் திரும்பிப்போய், அவன் முகத்தைப் பார்க்காமல் அதை எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு எனக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் அண்ணனின் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். நிமிர்ந்து சொல்லச் சொன்னேன். "பழசு இருந்த எடத்துல புதுசு எழுதிடுச்சும்மா, ஒண்ணும் வராது" என்றார். அம்மாவின் போனைத் தேடி எடுத்தேன். அனுப்பியதும் அழித்துவிட வேண்டும் என்று அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான், அவளும் ஒழுங்காக அழித்திருந்தாள். மிச்சம் இருந்தவை சாமி படங்கள். லேபில் ரத்த மாதிரிக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டும்போது கை வேலை செய்யும், மனசு எங்கோ சுற்றும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரணமில்லாமல் நெட்டப்பாக்கம்வரை போய், ஒரு கரும்பு லாரிக்குப் பின்னாலேயே மெதுவாகத் திரும்பி வந்திருக்கிறேன். உட்கார்ந்தால் பயம் வந்தது. காது கேட்கிறவர்கள் செத்தவர்களின் குரல் மறந்துபோகிறது என்று சொல்லி அழுவார்கள். எனக்குக் கை மறந்துகொண்டிருந்தது.

அதிலும் கடைசி வீடியோ. லேபில் வேலை நெருக்கத்தில் ஒரே ஒருமுறை பார்த்தேன். அண்ணனைப் பற்றி ஏதோ கிண்டல் என்று சிரித்துவிட்டு, இரவு நிதானமாகப் பார்க்கலாம் என்று வைத்தேன். இரவு வேறு வேலை வந்தது. அந்த வாரமே அவள் போய்விட்டாள். கருமாதிக்குள் போன் நிரம்பி நின்றுவிட, அதையும் மற்றவற்றோடு அண்ணனின் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டிருந்தேன். கிண்டல் என்பது நினைவிருக்கிறது. என்ன சொன்னாள் என்பது இல்லை. அதைத்தான் அவன் புகையாக்கி வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க உறுவையாற்றுக்குப் போனேன். அண்ணனோடு பேசுவதில்லை என்று முடிவு. சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனால், அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். காதில் இயர்போன், கண் மூடியிருந்தது, கன்னத்தில் தண்ணீர். மடியில் போன். திரையில் அதே புகைக்கை. கடைசி வீடியோ.

எனக்கு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன். அவனுடைய அம்மா முழுசாக அவனிடம் இருக்கிறாள், ஒரு மூச்சுகூடக் குறையாமல். என்னுடையவளைச் சுருக்கி அவன் இடம் பிடித்துக்கொண்டான். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"இன்னா பேசுது அம்மா? சொல்லு."

அவன் எழுந்து நேராக என் முன்னால் உட்கார்ந்தான். "நான் சோறு கேட்டேன். 'எம்புள்ள தங்கம்டா, கை கழுவினு வா, போடறேன்'னுது. அவ்ளோதான். அப்புறம் பேச்சே இல்ல. சும்மா நிக்குது."

"சும்மாவா?"

"ஆமா. ஒண்ணும் பேசல. வளையல் சத்தம் மட்டும் கேக்குது."

வளையல். அதற்குச் சத்தம் உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை. கை அசைந்தால் வளையல் பேசும். அவன் காதுக்கு வெறும் இரைச்சல், ஆனால் கையின் ஒவ்வொரு அசைவும் அதற்குள் விழுந்திருக்கிறது. கையைச் சுருக்கியவன் கையின் சத்தத்தை அப்படியே காப்பாற்றி வைத்திருந்தான்.

"வளையல் எப்ப எப்ப கேக்குதோ, அப்பல்லாம் என் கையில தட்டு."

அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். போனை இருவருக்கும் நடுவே வைத்து முதலிலிருந்து ஓட்டினான். நான் திரையைப் பார்த்தேன். தலையருகே வெள்ளை இழுப்பு. மணிக்கட்டில் தட்டு, உடனே இன்னொரு தட்டு. இரண்டுமுறை இழுத்திருக்கிறாள், காது மடல். காதுக்காரன். பிறகு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புகை, ஒரு பெரிய தட்டு. இரண்டு காதையும் தொடுகிறாள். பிறகு சின்னதாக ஒரே ஒரு தட்டு. கட்டைவிரல். திரையில் விரலே தெரியவில்லை, ஆனால் அந்தத் தட்டின் சின்னத்தனத்தில் தெரிந்துவிட்டது. பிறகு கை என் பக்கமாக நீண்டது. பிறகு நெஞ்சருகே வந்து நின்றது. தட்டே இல்லை. நீண்ட நேரம் தட்டு இல்லை.

"நின்னுடுச்சா சத்தம்?" என்றேன்.

"இல்ல, வீடியோ ஓடுது. அம்மா அசையவே இல்ல போல."

அடுப்பில் பால் வைத்தவள்போல உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பால் வைத்தவள் அசைவாளா? எனக்கு எல்லாம் திரும்பி வந்தது, சமையலறை வெளிச்சம் உட்பட.

மீண்டும் ஓட்டச் சொன்னேன். அவன் சலிக்காமல் ஓட்டினான், தட்டினான். எனக்கு அழுகை வந்ததைப் பார்த்துப் பயந்து நிறுத்தினான்.

"இன்னா சொல்லுது? என்னப் பத்தியா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தங்கம் என்றுதான் கையும் சொன்னது என்று சொல்லியிருந்தால் அவன் சந்தோஷப்பட்டிருப்பான். ஆனால் அம்மா எனக்குச் சொன்னதை நான் மாற்றக் கூடாது.

"காதுக்காரனுக்குக் காது மட்டும்தான் இருக்குது. நீ அவனப் பாத்துக்க. அதான் சொன்னுது."

கோபப்படுவான் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கரெக்டாதான் சொல்லிருக்குது" என்றான். பிறகு, "அத எனக்குச் சொல்லிக்குடு" என்றான்.

நான் செய்து காட்டினேன். காதைக் கிள்ளிக்கொண்டான், இழுக்கவில்லை. திருத்தினேன். உள்ளங்கையைப் பிச்சை கேட்பதுபோல நீட்டினான். அதன்மேல் கண்ணை வைக்கச் சொன்னேன். "பால் பொங்கப்போவுது" என்றதும் சிரித்துவிட்டு உற்றுப் பார்த்தான். முதலிலிருந்து சேர்த்துச் செய்யச் சொன்னேன். காது மடலை இரண்டுமுறை இழுத்தான். இரண்டு காதையும் தொட்டான். கட்டைவிரலை நிமிர்த்தினான்.

அது பின்பக்கமாக வில்லாக வளைந்தது.

அதே விரல். நகம்கூட அதே நகம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டில், என் கண் எதிரே இருந்திருக்கிறது. ஒருநாளும் அது என்னிடம் பேசாததால் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அவன் கையை என் பக்கம் நீட்டி, பிறகு நெஞ்சருகே கொண்டுவந்து நிறுத்தி, அசையாமல் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சரியா கீதா?"

"இல்ல. இன்னொரு வாட்டி செய்" என்றேன். சரியாகத்தான் செய்திருந்தான்.